இரையாத ஸ்டீரியோ

ஆயுத பூஜை அன்று விழுப்புரத்தில், சம்பந்தி வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம்: சம்பந்தி கண்ணையன், அவர் மனைவி அம்சவள்ளி, மாப்பிள்ளை செல்வகுமார், என் மகள் கலைப்பிரியா, நான். சுண்டல் நன்றாக இருந்தது. உப்புதான் ஒரு கல் கூடுதல். விருந்துக்குப் போனவன் அதைச் சொல்லக்கூடாது, நான் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, அந்த ஸ்டீரியோ செட் நான் மகளுக்குச் சீராகக் கொடுத்தது. எங்கள் திண்டிவனத்து வீட்டிலிருந்து போன பொருளை அதுவரை எவரும் குறை சொன்னதில்லை. இது மட்டும் போட்ட நாள் முதல் பாட்டுக்கு அடியில் இரைந்துகொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த ஒரு நாள் கண்ணையன் கேட்டார்.

"இன்னா சம்பந்தி, பாட்டு போடச் சொன்னா உங்க சீரு தேனீ வளக்குது?"

"மல்லாட்டை ஒடைக்கிற மிஷினே தேவல," என்று கடலை மிஷினை இழுத்தார் அம்சவள்ளி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் வயரிங் காண்டிராக்டராக இருந்தவன். மறுவாரம் ஸ்குரூ டிரைவரோடு போனேன். ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன், இரைந்தது. ஒயர்களைக் கரண்டு லைனை விட்டு விலக்கினேன், கேபிள் டிவி லைனைக் கழற்றினேன், அப்போதும் இரைந்தது. கடைசியில் பிளக்கைத் திறந்து எர்த் ஒயரை வெட்டினேன். இரைச்சல் நின்றது. இரும்புப் பெட்டியைத் தொட்டேன். விரலில் சுர்ரென்றது. உள்ளே கரண்டு கசிகிறது, அதுவரை அதை எர்த் மண்ணில் இறக்கிக்கொண்டிருந்தது என்று பொருள்.

செட்டைக் கடைக்குத் திருப்புவதுதான் முறை. ஆனால் கொடுத்த சீரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனான் என்ற பேச்சு எங்கள் வம்சத்தில் கிடையாது. பிளக்கை மூடினேன்.

சில நாளில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, செட்டத் தொட்டா சுர்ருங்குதுப்பா. அவருகிட்ட சொல்லட்டா?"

"வாணாம். தொடணும்னா செருப்பு போட்டுக்கினு தொடு."

"கூடத்துல செருப்பா? மாமியாரு வுடுவாங்களா?"

"அப்ப கிட்டவே போவாத."

ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

பூஜை அன்று கூடம் கழுவி ஈரம் காயவில்லை. மாப்பிள்ளை பக்திப் பாட்டு போட்டிருந்தார். கண்ணையன் மிக்சிக்கும் தையல் மிஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, ஈரத்துணியைக் கையில் எடுத்தார். வெறுங்கால்.

"சம்பந்தி குடுத்த செட்டு. இத நானே தொடச்சிப் பொட்டு வெக்கிறேன்."

"மாமா, அத வுடுங்க மாமா," என்றாள் கலைப்பிரியா. பிறகு என்னைப் பார்த்தாள்.

சுவிட்ச் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அணைத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

"ஆசைப்படறாரு, வெக்கட்டும்மா," என்றேன்.

அவர் துடைத்தார். விழுந்ததும் கை நீட்டி சுவிட்சை அணைத்தவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், அன்றைக்கும் செட் இரைந்துகொண்டுதான் இருந்தது என்று பேசிக்கொள்கிறார்களாம். பொய். அவர் கீழே கிடந்தபோது, நான் அணைக்கிற வரை, பாட்டு ஒரு பிசிறு இல்லாமல் கேட்டது.