விசாரித்துச் சொன்னவன்

உத்திரமேரூரில் இன்றுவரை ஒரு பொய்கூடச் சொல்லாத ஆள் நான் ஒருவன்தான். எங்கள் ஊரில் கல்வெட்டுக்குக் குறைவில்லை. இதற்கும் ஒரு மூலையில் இரண்டு வரி ஒதுக்கலாம்.

ஆனந்தன் என்னோடு பள்ளியில் படித்தவன். நான் காஞ்சிபுரம் கல்லூரிக்குப் போய்ச் சுவர்ப் பத்திரிகையில் நையாண்டி எழுதிக்கொண்டிருந்தேன். அவன் வீட்டுத் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தான். அறுந்த இழையைப் பேச்சு நிற்காமல், பார்க்காமலே முடிந்துவிடுவான். என் நையாண்டியைக் கேட்டு ஊரே சிரிக்கும். சிரித்து முடித்ததும், கெட்டுப்போன ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகும். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

போன வருஷம், எண்பத்தைந்தில், சிங்கப்பூரிலிருந்த அவன் அக்கா புருஷன் தாமோதரன், லீவில் வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டார். மற்றவர்களாக இருந்தால் டேப்ரிக்கார்டர் கேட்டிருப்பார்கள். ஆனந்தன், தரையில் நின்றபடி கையிலிருக்கும் பெட்டியால் ஓட்டுகிற ரேடியோ விமானம் கேட்டான். எந்த மாதிரி வாங்குவது என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் தாம்பரத்தில் அதைப் பறக்கவிடும் தானியேல் என்பவரை எனக்குத் தெரியும்.

"நீ போய் விசாரிச்சிக்கினு வாடா. நான் தறிய வுட்டு நவுர முடியாது" என்றான்.

போனேன். தானியேல் நல்ல மனிதர். சாயங்காலம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். திரும்பி வந்து ஆனந்தனிடம் நான் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ரெண்டு தினுசு கீதுடா. ஒண்ணு, றெக்கை மேல வெச்சது. சின்ன எஞ்சினு. மெதுவா போவும், கைய வுட்டாக்கூட தானா நேராயிடும். கத்துக்குட்டிங்க வாங்கறது. இன்னொண்ணு, றெக்கை கீழ வெச்சது. சண்டை விமானம் மாதிரி. எஞ்சினு பெருசு. கை தெரிஞ்சவங்க ஓட்டறது."

"நமக்கு எதுடா?"

"உன் கையப் பத்தி உனக்குத் தெரியாதா? நான் இன்னா சொல்றது?"

நூல் இழைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா சொக்கம்மாள் நிமிர்ந்தாள். "எம் புள்ளைக்கா கை தெரியாது? நல்லா கேட்டான் பாரு." அதோடு முடிவாகிவிட்டது.

"எஞ்சின எப்பிடிடா கெளப்பறது?"

"மூக்குல கீற விசிறிய வெரலால சுண்டி வுடணும். குச்சி வெச்சித் தட்றவங்களும் கீறாங்க. அம்மா கையப் புடிச்சிக்கினு ரோடு தாண்டறவங்களும் கீறாங்க."

சொக்கம்மாள்கூடச் சிரித்தாள். இதிலும் ஒரு சொல் பொய் இல்லை, கவனித்துப் பாருங்கள்.

சித்திரையில் தாமோதரன் பெரிய எஞ்சினோடு வந்தார். ஏரி வற்றிக் கிடந்தது. பாதி ஊர் அதில் நின்றது. ஆனந்தன் மண்டியிட்டு விசிறியைச் சுண்டினான், மறுபடி சுண்டினான். எஞ்சின் பிடித்துக்கொண்ட அதே நொடியில் எதிர்ப்பக்கமாக ஒரு உதை உதைத்தது. துணி கிழிவது போன்ற சத்தம்தான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். விரல்கள் என் கைக்குட்டையில் இருந்தன. ஒட்டவைக்க முடியாது என்றார்கள்.

தானியேல் அன்று தாம்பரத்தில் விடைகொடுக்கும்போது வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தார். ஆள்காட்டி விரல் பாதியில் நின்றிருந்தது. "பெரிய எஞ்சின் திருப்பி உதைக்கும் தம்பி. முதல் விமானத்துக்கு அது வேண்டவே வேண்டாம். எதை வாங்கினாலும் குச்சி இல்லாம தொடக்கூடாதுன்னு உன் சிநேகிதன்கிட்ட கட்டாயம் சொல்லிடு" என்றார். இதை நான் ஆனந்தனிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். சொல்லாமல் விடுவது பொய்யில் சேராது என்பது சாலவாக்கம் தாண்டும்போது தெளிந்தது. விரல் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்தக் கை ஊரார் பார்க்க ஒருமுறை தடுமாற வேண்டும் என்று நினைத்தேன். எந்த அளவுக்கு என்று மட்டும் யோசித்து வைக்கவில்லை.

அவனுக்குப் பெருநகரில் பெண் பேசியிருந்தார்கள். லீலாவதி நெய்யத் தெரிந்தவள். கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இழைகளையும் பார்த்துக்கொண்டால் ஆனந்தனின் தறி ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும். விரல் போன பிறகும் அவளுக்குச் சம்மதம்தான். அவள் அப்பா பஞ்சாட்சரம் மட்டும், வழக்கப்படி, மாப்பிள்ளையைப் பற்றி வெளியாளிடம் ஒரு வார்த்தை விசாரிக்க வந்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, நீ அந்தப் பையனோட சேர்த்தியாமே. வெரலு போனதுக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கோ. குடிச்சிக்கினு இருந்தானா?"

"சேச்சே. அவன் தொட மாட்டானுங்க."

"பின்ன, சொல்பேச்சு கேக்காத மொரடனா? மறைக்காத சொல்லு. எனக்கு ஒரே பொண்ணு."

டீயில் ஆடை படிந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டுச் சொன்னேன்:

"குச்சி வெச்சித் தட்றவங்களும் கீறாங்கன்னு நான் அப்பவே சொன்னேனுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் பெருநகர் பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு அங்கிருந்து யாரும் வரவில்லை. ஆடி மாதம் தறியைக் கழற்றிப் பரண்மேல் போட்டார்கள்.

போன வாரம் ஆனந்தன் விமானத்தை என்னிடமே கொடுத்துவிட்டான். "நீயே எட்த்துக்கினு போடா. எனக்காவ தாம்பரம் வரிக்கும் அலஞ்சவன் நீ ஒருத்தன்தான்" என்றான். இடது கையால் என் தோளைத் தட்டினான்.

நேற்று விடிந்ததும் ஏரிக்குப் போனேன். ஆடு மேய்க்கிறவர்கள்கூட இன்னும் வரவில்லை. சவுக்குக் குச்சி ஒன்றில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். எட்ட உட்கார்ந்து, அந்தக் குச்சியால் விசிறியைத் தட்டினேன். எஞ்சின் ஒரு உதை உதைத்துக் குச்சி முனையைச் சீவிக்கொண்டு போனது.

கரையில் ஏறி, இதைவிட நீளமாக ஒரு குச்சி வெட்டிக்கொண்டேன். வலது கை, நான் எழுதுகிற கை.