எலுமிச்சம்பழமும் நாற்பது பவுண்டு காற்றும்

என் பெயர் ஸ்டான்லி, வயது 41, தகப்பனார் சவரிமுத்து, நாகல் நகர், திண்டுக்கல். அதே தெருவில் பதினெட்டு வருடமாக சைக்கிள் கடை நடத்தி வருகிறேன். என் மேல் வந்த முதல் புகார் தொப்பம்பட்டி விவசாயி நாச்சிமுத்து கொடுத்ததுதான். அவர் மகள் ஜீவிதா பந்தயத்தில் தோற்பதற்காக நான் ட்யூபைக் குத்தூசியால் குத்தியதாக அதில் சொல்லியிருக்கிறார். இந்தப் பேச்சு நிலைத்தால் நாளை என் கடையில் எவனும் சைக்கிளை நிறுத்த மாட்டான்.

கடந்த 15.8.2004 காலை ஏழு மணிக்கு இருவரும் கியர் சைக்கிளைக் கொண்டு வந்தார்கள். காந்திகிராமம் பக்கம் கல்லும் மண்ணுமான பாதையில் பந்தயம் என்றதால் நாற்பது பவுண்டு காற்று அடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு நாச்சிமுத்து முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து மகளை ஏற்றச் சொன்னார். டயர் விறைப்பாக இருந்ததால் பழம் நசுங்காமல் நழுவிச் சாக்கடைக்கு உருண்டது. சகுனம் சரியில்லை என்று அவர் முகம் கறுத்தது. அதன் பிறகு பாதிக் காற்றை இறக்கிவிட்டு வேறு பழம் வைத்தார். அது சட்னியானது. காற்று அவ்வளவு குறைந்தால் கல் பாதைக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன் நான் வாயைத் திறந்தால் சாமி காரியத்தைக் கேலி செய்ததாகிவிடும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

பந்தயத்தில் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த ஜீவிதா பாலத்துக் கல்லில் மோதி, முன் சக்கரம் காற்றிறங்கி, விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டதாகப் பிறகு அறிந்தேன்.

இன்று ஸ்டேஷனில் நாச்சிமுத்துவையும் ஜீவிதாவையும் வைத்துக்கொண்டு எஸ்.ஐ. அய்யா ட்யூபைக் காட்டினார். பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை. பாம்பு கொத்தினது மாதிரி இருக்கிறது என்றார் ஏட்டு காமராஜ். நான் டயரை விரித்துக் காட்டினேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. டயரைத் தொடாமல் ட்யூபைக் குத்த என் ஊசி மந்திரம் படித்ததா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அதன் பிறகு, காற்றுக் குறைந்த டயர் கல்லில் மோதினால் அதன் விலா மடங்கிவிடும், ரிம்மின் இரண்டு விளிம்பும் கல்லும் சேர்ந்து ட்யூபைப் பாக்குவெட்டி போல நறுக்கும், ஓட்டை இரண்டானது அதனால்தான் என்று விளக்கினேன். காற்றுக் குறைந்தது எப்படி என்று அய்யா கேட்டார். நாச்சிமுத்து விட்டத்தைப் பார்த்தார். நானும் விட்டத்தைப் பார்த்தேன்.

அப்போது ஜீவிதா, “ஏனுங்கப்பா, பழம் நசுங்கோணும்னு காத்த எறக்குனது நீங்கதானுங்களே?” என்றாள்.

நாச்சிமுத்து புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். ஆனால் எழுந்திருக்கவில்லை. காற்றும் குறையக் கூடாது, பழமும் நசுங்க வேண்டும், அதற்கு வழி உண்டா என்று என்னிடம் கேட்டார். பழத்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்து வைத்தால் உருளாது என்று சொன்னேன்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே” என்றார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஏதும் கலக்கவில்லை. கையில் கிரீஸ் இருந்ததால் கையெழுத்து கறுத்திருக்கிறது.

(ஒப்பம்) ச. ஸ்டான்லி