மோடத்துக்குத் தைத்த குளிர்ச்சட்டை

என் பெயர் அங்கமுத்து, த/பெ நல்லான், வயது 52. திருப்பூர் ஊத்துக்குளி ரோடு, பொன்னரசி நகர் இரண்டாவது வீதியில் மனைவி பழனியம்மாள், மகள் மைதிலி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். பனியன் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். என் வீட்டில் நகை திருட்டுப் போனதாக 13.09.2009 அன்று நான் கொடுத்த புகாரில், அலாரம் மாட்டிய அஸ்ஃபாக் என்பவர் மீது சந்தேகம் என்று எழுதியிருந்தேன். அது தவறு. அதைச் சொல்லவே இன்று நானாக நிலையத்துக்கு வந்து, தலைமைக் காவலர் தங்கதுரை அவர்கள் எழுதிக்கொள்ள இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

மைதிலிக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அதற்கு எடுத்த நகை பீரோவில் இருந்தது. எதிர் வீட்டுக்காரர் வெளிநாட்டு நாய் வாங்கியிருந்தார். நாய்க்கு மேலே ஒரு படி போக வேண்டும் என்ற எண்ணத்தில் நான் அலாரம் வாங்கினேன். ஆள் இல்லாத வீட்டில் யாராவது நடமாடினால் அந்தப் பெட்டி கேமராவில் படம் எடுத்து, பிராட்பேண்ட் வழியாக என் மெயிலுக்கு அனுப்பி, சைரனும் ஊதும். இவ்வளவு செய்தும் வீட்டுச் சாவியைச் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில்தான் வைத்து வந்தோம் என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

மாட்டியதிலிருந்தே நெட் அடிக்கடி அறுந்தது. அறுந்தால், திருடன் ஒயரை வெட்டிவிட்டான் என்று பெட்டியே முடிவு செய்து சைரன் ஊதும். முதலில் தெருக்காரர்கள் தடியோடு ஓடி வந்தார்கள், அதன் பிறகு வெறுங்கையோடு வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள், அதன் பிறகு யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள் மட்டும் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உங்கூட்டுத் திருடன் ஷிப்டுக்கு வர்றானாட்ட இருக்குது" என்று கேட்டார். அந்த அவமானம் தாங்காமல் சைரன் ஒயரைக் கழற்றச் சொன்னது நான். புகாரில் அஸ்ஃபாக் கழற்றினார் என்று மட்டும் எழுதி, யார் சொல்லி என்பதை விட்டுவிட்டேன்.

நெட்டைச் சரிபார்க்க அஸ்ஃபாக் பலமுறை வந்தார். கம்பத்திலிருந்து வரும் ஒயரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், மோடத்தையே ஒருமுறை மாற்றினார். அவர் வந்து உட்கார்ந்தால் மோடத்தில் எல்லா விளக்கும் ஒழுங்காக எரியும். "லைன் நல்லாத்தானுங்கண்ணா இருக்குது" என்று குழம்பிப் போய் வண்டியை எடுப்பார். அவர் கடை போய்ச் சேர்வதற்குள் மறுபடி அறுந்துவிடும். ஆகவே அவரே போகும்போது ஏதோ செய்துவிட்டுப் போகிறார் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் டீக்கடையிலும் சலூனிலும் சொன்னேன். அலாரம் வேலை செய்யவில்லை என்பதை ஊருக்கே அறிவித்தது இந்த வாய்தான். எல்லாரையும்விட அதிகமாகச் சொன்னது என் மைத்துனர் மயில்சாமியிடம். ஏற்றுமதி ஆர்டர் ரத்தாகி அவருடைய நிட்டிங் மிஷின்கள் நின்று போயிருந்ததால், உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் இருந்தது.

எங்கள் ஊரில் கட்பீஸ் சும்மா கிடைப்பதால் வீட்டில் இருக்கும் எதையும் அம்மணமாக விட மாட்டோம். எங்கள் வீட்டில் டிவி, மிக்சி, போன், கேஸ் சிலிண்டர் எல்லாம் உடை உடுத்தியவை. மோடத்துக்கும் என் மனைவி ஓர் உறை தைத்து, அடியில் எலாஸ்டிக் வைத்திருந்தார். துணி கொண்டு வந்து கொடுத்தது நான். பனி பெய்யும் நாட்டுக்குப் போன ஜாக்கெட் ஆர்டரில் மிஞ்சிய ஃப்ளீஸ் துணி அது. வெளியாள் வந்தால், பஞ்சும் தூசியும் ஒட்டிய உறையைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று என் மனைவி அதை உருவித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, அவர்கள் போனதும் மாட்டிவிடுவார். அதனால் அஸ்ஃபாக் அதைக் கண்டதே இல்லை. உள்ளே மோடம் வெந்து நெட் அறும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

13ஆம் தேதி ஞாயிறு காலை கொமரலிங்கத்தில் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு சீருக்குப் போனோம். மயில்சாமி வேலை இருப்பதாகச் சொல்லி வரவில்லை. மாலை திரும்பியபோது பூட்டு பூட்டியபடி இருந்தது, பீரோ திறந்து கிடந்தது, நகை இல்லை. போன் செய்ததும் முதலில் ஓடி வந்தவர் மயில்சாமி. அக்காவைத் தேற்றிவிட்டு, கடையிலிருந்து அஸ்ஃபாக்கை இழுத்து வந்து, தெருவே பார்க்கக் கன்னத்தில் அறைந்தார். நான் தடுக்கவில்லை. அதன் பிறகு நான் புகார் கொடுத்தேன், அஸ்ஃபாக்கை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை உதவி ஆய்வாளர் அவர்கள், அலாரம் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்க அஸ்ஃபாக்கையும் அழைத்துக்கொண்டு சொல்லாமல் வந்துவிட்டார். உறையைக் கழற்ற என் மனைவிக்கு நேரமில்லை. அஸ்ஃபாக் மோடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணா, இதுக்கு எதுக்குங்க ஸ்வெட்டர்?" என்றார். உறையை உருவியவர் சூடு பட்டுக் கையை உதறினார். யாரும் சிரிக்கவில்லை. மோடத்தை அணைத்து ஆறவிட்டு மறுபடி போட்டதும் விளக்குகள் வரிசையாக எரிந்தன. நெட் இல்லாதபோது எடுத்த படங்களைப் பெட்டி தனக்குள்ளேயே வைத்திருக்கும், லைன் வந்ததும் அனுப்பும் என்று சொல்லி, என்னைக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறக்கச் சொன்னார். அக்காவுக்குத் துணையாக வந்திருந்த மயில்சாமி அப்போது, "கெட்டுப்போன பொட்டிங்க மச்சான், அதுல என்ன தெரியப் போவுது" என்றார்.

படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் ஃபேன் றெக்கை, அதன் பிறகு பீரோவின் தலை, அதன் பிறகு ஒரு மனிதத் தலை தெரிய ஆரம்பித்தது. அஸ்ஃபாக்குக்குச் சுருட்டை முடி. சுருட்டையாக இருக்க வேண்டும் என்று நான் சாமியை வேண்டினேன். படியச் சீவிய முடியாக இருந்தது. நெற்றி பாதி வந்து படம் நின்றது. என் நாற்காலிக்குப் பின்னால் நின்ற என் மனைவி, காய்கறிக்காரரிடம் பேசும் குரலில், "அது என்ர தம்பீங்க" என்றார். அதன் பிறகுதான் முகம் இறங்கியது. கேமரா செத்துக் கிடக்கிறது என்று நானே சொல்லி வைத்திருந்ததால் அவர் அதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் என் மகளின் ஆரம் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மயில்சாமி தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். நகை அன்றே அவருடைய யூனிட்டில் நூல் மூட்டைக்குள் கிடைத்தது.

நேற்று மாலை சொந்தக்காரர்கள் கூடி வந்தார்கள். நகை வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் புகாரை வாபஸ் வாங்கிவிடு, இல்லாவிட்டால் தாய்மாமனே திருடன் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்து கல்யாணம் நின்றுவிடும் என்றார்கள். நானும் முக்கால்வாசி சம்மதித்துவிட்டேன். என் மனைவிதான், "அந்தப் பையனை ஜீப்புல ஏத்துனதை ஊரே பாத்துதுங்க. நகை ஊட்டுலயே இருந்துதுன்னா அவன் வாங்குன அறை எதுக்குங்க?" என்று கேட்டார். மைதிலி எழுந்து போய் ஸ்டாண்டிலிருந்து என் செருப்பை எடுத்து, வாசலில் தெருப் பக்கம் திருப்பி வைத்தாள்.

புகாரில் பெயர் இருப்பதால் அஸ்ஃபாக்கை இன்றும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் இதைச் சொல்லும்போது எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நம் தெரு வழியாகக் கடை வரைக்கும் நானே கூட நடந்து வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "நீங்க வர வேண்டாமுங்கண்ணா. என்ர பேரை மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

ஆகவே அவர் பெயரை நீக்கி, அந்த இடத்தில் என் மனைவியின் தம்பி மயில்சாமியின் பெயரை எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். புகாரைத் திரும்பப் பெறவில்லை. சொன்னதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கேலிபோலத் தெரியும் இடங்கள் உள்பட எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது. யாரும் வற்புறுத்திச் சொன்னதல்ல.

(ஒப்பம்) ந. அங்கமுத்து
15.09.2009

சாட்சி, தானாக முன்வந்து:
(ஒப்பம்) பழனியம்மாள், க/பெ அங்கமுத்து