முட்டைக் கொட்டகையில் கூடிப் படித்தவர்கள்

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த அவைத்தலைவர் ஜானகியம்மாள் அவர்களே! அலைந்து திரிந்து இந்த விழாவை ஆக்கித் தந்த தம்பி அன்பரசு அவர்களே! சேந்தமங்கலத்துச் சான்றோர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்து அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! எல்லாருக்கும் மேலாக, நாளை முதல் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொள்ளப் போகும் ஆறு குழுக்களின் உறுப்பினர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஓய்வு பெற்ற ஆசிரியனின் உளமார்ந்த வணக்கம்!

என்ன, பின்னால் கேட்கவில்லையா? தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இப்போது? நல்லது.

கூடிப் படிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் கொள்கை பேச வரவில்லை. ஒரு கொட்டகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற புதிது. கொல்லிமலை அடிவாரத்தில் குருமூர்த்தி அவர்களின் கோழிப்பண்ணை. அங்கே முட்டைகளை அட்டைகளில் அடுக்கும் கொட்டகை. மதியம் லாரி ஏறிவிட்டால் மாலைத் தீவனம் வரை வேலை இல்லை. அந்த இடைவேளையில் ஏழு பெண்கள் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் படித்தார்கள். தவிட்டு வாசம், தகரக் கூரையின் தகிப்பு, சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு மின்விசிறி. இன்று அந்தக் கொட்டகை இல்லை. இடித்துவிட்டுக் குளிர்பதன அறை கட்டிவிட்டார்கள். ஆனால் கண்ணை மூடினால் அந்த மதியங்கள் எனக்குள் மறுபடி தொடங்கிவிடுகின்றன!

எதற்காகப் படித்தார்கள்? ஜோதிக்காகப் படித்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தீவன மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. இனிமேல் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குஞ்சு பொரிக்கும் அறையில் பொறுப்பாளர் வேலை காலியாக இருந்தது. எட்டாவது தேர்ச்சி பெற்றால் அந்த வேலை. பெறாவிட்டால் பண்ணையை விட்டே போக வேண்டும். தனியாகப் படிக்கப் பயந்தாள். மற்ற ஆறு பேரும், "நாங்களும் எழுதறோம், வா அம்மிணி" என்று சேர்ந்துகொண்டார்கள்.

நான் சனிக்கிழமை மட்டும் எட்டிப் பார்ப்பேன். மற்ற நாளெல்லாம் அவர்களே ஆசிரியர், அவர்களே மாணவர். ஒரு சனிக்கிழமை சோதனை வைத்தேன். நூறு முட்டை பத்து சதவீதம் கூடியது, பிறகு பத்து சதவீதம் குறைந்தது, இப்போது எத்தனை? ஏழு பேரும் ஒரே விடை எழுதினார்கள். நூறு! எவ்வளவு ஒற்றுமை! எவ்வளவு தெளிவு! எவ்வளவு தவறு!

சிரிக்கிறீர்களே, முன்வரிசையில் இருக்கும் நீங்கள் மனதுக்குள் என்ன விடை போட்டீர்கள்?

"ஏழு பேருக்கும் தப்பு. எங்கே என்று நீங்களே தேடுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், ஜோதி தரையில் முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நூறு வைத்தாள். பத்து சேர்த்தாள். நூற்றுப்பத்தில் பத்தில் ஒரு பங்கு, பதினொன்றை எடுத்தாள். மிச்சத்தை எண்ணினார்கள். தொண்ணூற்றொன்பது!

"ஒரு முட்டை எங்கீங்க போச்சு? ஆராயி அக்கா, வாயத் தொறந்து காட்டுங்க!" என்றாள் ஒருத்தி. கொட்டகையே குலுங்கியது.

சிரிக்காதவர் ஒரே ஒருவர். செல்லாயி அம்மாள். ஜோதியின் மாமியார். குழுவில் மூத்தவர். நூறுதான் விடை என்று முதலில் சொன்னவரும் அவரே.

"ஏம்மா, உனக்கு இது முன்னாலயே தெரியுமா?"

"தெரியுமுங்க அத்தை."

"அப்பறம் எதுக்கு நா சொன்னப்ப மண்டைய மண்டைய ஆட்டுன?"

"உங்களப் போயி தப்புன்னு எப்படிங்க அத்தை சொல்றது?"

"அடி இவளே! அப்ப நா பெயிலாகறத மட்டும் பாத்துட்டு இருப்பியா? நீயும் சேந்து பெயிலாவியா? இது என்ன மரியாதையோ!"

தாய்மார்களே, பெரியோர்களே! நம் மண்ணின் மரியாதை மகத்தானது. நாம் பேசும் பேச்சில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடிவதில்லை. ஆனால் அந்த மரியாதை ஒரு வட்டத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகிறது? மூத்தவர் சொல்வார், மற்றவர் தலையாட்டுவார். மூத்தவரின் பிழை எல்லாருக்கும் பாடமாகிவிடும். அறிந்தவள் அடங்கியிருப்பாள், அறியாதவள் அகப்பட்டுக்கொள்வாள்!

அதை மாற்றியது யார்? நானா? இல்லை. செல்லாயி அம்மாள்தான் சட்டம் போட்டார். "இந்தக் கொட்டாய்க்குள்ள சின்னவ மொதல்ல சொல்லோணும். அப்பறம் அவளுக்கு மூத்தவ. நா கடைசியாத்தான் வாயத் தொறப்பேன். என்னால வாய அடக்க முடியாட்டி எவளாச்சும் ஒரு கிள்ளு கிள்ளுங்க." கிள்ளவும் செய்தார்கள்! அதன் பிறகு அந்தக் கொட்டகையில் எழுந்த சண்டைகள் இருக்கின்றனவே, அவற்றைப் போன்ற இனிய சத்தத்தை என் பணிக்காலம் முழுவதும் நான் கேட்டதில்லை.

முடிவு வந்தது. ஜோதி தேர்ச்சி! மற்ற ஐந்து பேரும் தேர்ச்சி! செல்லாயி அம்மாள் மட்டும் ஆங்கிலத்தில் தோல்வி.

வேலை கிடைத்த பெண் அழுதுகொண்டு நின்றாள். "அத்தை, நீங்க இல்லாம நா மட்டும் எப்படிங்க..." மாமியார் என்ன சொன்னார்? "மூக்கச் சிந்தாத. நாளைக்கு அந்தக் குஞ்சு ரூமுக்குப் போ. ஆனா மத்தியானம் ஒழுங்கா இங்க வந்துரு. எனக்கு இங்கிலீசு யாரு, உங்க மாமனா வந்து சொல்லித் தருவாரு?"

வந்தாள். தேர்ச்சி பெற்றுவிட்டவள், இனி எந்தப் பரீட்சையும் எழுத வேண்டாதவள், ஒவ்வொரு மதியமும் வந்தாள். அவள் மட்டுமா? மற்ற ஐவரும் வந்தார்கள். ஒருவருக்காக ஆறு பேர்! முன்பு ஜோதியைச் சுற்றி அமர்ந்த வட்டம், இப்போது செல்லாயி அம்மாளைச் சுற்றி அமர்ந்தது. அடுத்த ஆண்டு அவரும் தேறினார்.

நான் அவரிடம் கேட்டேன், "அம்மா, இந்த வயதில் இந்தச் சான்றிதழை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?"

அவர் சொன்னார்: "வேலைக்கா எழுதுனேன் சார்? நா பெயிலாயி ஊட்டுல உக்காந்திருந்தப்ப, அந்தப் புள்ள பாசானது அவளுக்கே இனிக்கல. கறிக்கொழம்பு வெச்சாக்கூட தலையக் குனிஞ்சுதான் சாப்புட்டா. அதுக்காவ எழுதுனேன்."

நாளை கூடவிருக்கும் ஆறு குழுக்களின் அன்பு உறுப்பினர்களே! புத்தகம் கிடைக்கும், பலகை கிடைக்கும், இடம் கிடைக்கும். குழுவை வாழவைப்பது அவை அல்ல. உங்களில் ஒருவர் முதலில் தேறுவார். வேலை வரும், வாய்ப்பு வரும், வாசல் திறக்கும். அன்று அவர் எழுந்து போய்விட்டால் அது வெறும் கூட்டம். மறுநாள் மதியம் திரும்பி வந்து, தேறாதவர் பக்கத்தில் உட்கார்ந்தால், அதுதான் குழு! அதுதான் கல்வி!

பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கும், பேசப் பணித்த தலைவர் அவர்களுக்கும், வெயிலில் நாற்காலி சுமந்த பிள்ளைகளுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. வணக்கம்!