மடிச்ச இலையில சாம்பார்

ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன், சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவேன். இந்த முதியோர் இல்லத்து ஆண்டு விழாவுக்கு சாத்துக்குடிப் பையோட வந்திருக்கிற மகன்களே, மகள்களே... கதை உங்களுக்குத்தான். இங்கேயே குடியிருக்கிற பெரியவங்க நடுவுல சிரிச்சா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது.

திண்டுக்கல் பக்கம் இதே மாதிரி ஒரு இல்லம். அங்கே சடையப்பன்னு ஒருத்தர். மின்வாரியத்துல போர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி போய்ச் சேர்ந்துட்டாங்க. இதயம் பலவீனமாகி, ரெண்டு தடவை ஐ.சி.யு.வுல படுத்து எழுந்தவர். கையைக் கட்டில்ல கட்டி, வாயில குழாயைச் சொருகி, பகல் எது ராத்திரி எதுன்னு தெரியாம கிடந்திருக்கார். வெளியே வந்ததும் சொல்லிட்டார், "இன்னொரு தடவை என்னை அங்கே கொண்டு போகாதீங்க."

வாயால சொன்னதோட விடலை. இல்லத்து டாக்டரம்மாவை வச்சுகிட்டு, சட்டப்படி எழுதினார். 'இனிமே தேற மாட்டேன்ங்கிற நிலைமை வந்தா மெஷின் வேணாம், மூக்குல குழாய் வேணாம். வலிக்கு மருந்து குடுங்க. என் கட்டில்லயே இருந்து போறேன்.' சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒருத்தர், அவரோட அறையில இருந்த பெருமாள்சாமி. ரயில்வேயில கார்டா இருந்தவர், வாய் கொஞ்சம் நீளம். மகன் மோகனசுந்தரமும் கையெழுத்துப் போட்டான். அழுதுகிட்டே போட்டான். போட்டுட்டு, அப்பாவைக் கட்டிப் பிடிச்சு ஒரு செல்ஃபி. சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல, 'எங்க அப்பா சிங்கம்'. குரூப்பே கும்பிடு போட்டுச்சு.

சரி... அந்த நாள் வந்துச்சு. சிங்கம் படுத்துருச்சு. பேச்சு நின்னு போச்சு, தண்ணிகூட முழுங்க முடியலை. டாக்டரம்மா மகனைக் கூப்பிட்டு, இது தேறாதுப்பா, பக்கத்துலயே இருங்கன்னு பக்குவமா சொன்னாங்க.

சேதி போச்சு பாருங்க... கும்பிடு போட்ட கூட்டம் மொத்தமும் வேன் பிடிச்சு வந்து இறங்குச்சு. மனுஷன் நல்லா இருந்தப்போ, வர்றப்போ ரெண்டு மெதுவடை வாங்கிட்டு வாங்கடான்னு கெஞ்சினார். ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. இப்போ, தண்ணி முழுங்க முடியாதவருக்கு ஹார்லிக்ஸ், ஆப்பிள், இளநீர். வைக்க இடமில்லாம எல்லாத்தையும் பெருமாள்சாமி கட்டில்ல அடுக்கிட்டாங்க. பாவம், அவர் எழுந்து நின்னுகிட்டு இருக்கார்.

சடையப்பனோட மச்சினன், அதாவது மோகனசுந்தரத்துக்குத் தாய்மாமன், மதுரைக்குக் கொண்டு போகலாம்னார். சித்தப்பா விடுவாரா? மதுரையில என்ன இருக்கு, கோயமுத்தூர்தான்னார். பின்னாலிருந்து ஒரு குரல், சென்னை. ஏலம் விடற மாதிரி ஊர் ஏறிகிட்டே போகுது. படுத்திருக்கிறவருக்கு என்ன வேணும்னு யாராச்சும் கேட்டாங்களா? அவர் எழுதி வச்சதையாச்சும் பார்த்தாங்களா? டாக்டரம்மா காகிதத்தை நீட்டினா, மாமன் கண்ணாடி கொண்டு வரலைன்னுட்டார். படிச்சுக் காட்டினாங்க. "அது தெம்பா இருக்கும்போது எழுதினதும்மா, இப்போ மனசு மாறியிருக்கும்." எப்படித் தெரியும்னு கேட்டாங்க. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதாம்.

ஆம்புலன்ஸ் வாசல்ல வந்து நிக்குது. மோகனசுந்தரம் ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சுட்டான். அப்பத்தான் பெருமாள்சாமி குறுக்கே வந்தார்.

"தம்பி, நீ பந்தியில பரிமாறியிருக்கியா?"

"இப்போ எதுக்குங்கய்யா அது..."

"பரிமாறியிருக்கியா, இல்லையா?"

"பரிமாறியிருக்கேன்."

"சாப்பிட்டு முடிச்சு இலையை மடிச்சிட்டார் ஒருத்தர். அந்த இலையைப் பிரிச்சு, மறுபடியும் சாம்பார் ஊத்துவியா?"

மாமன், அது விருந்துய்யா, இது உயிருன்னு முணுமுணுத்தார். பெருமாள்சாமி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"உங்கப்பா திருப்தியா இருந்து, தன் கையாலயே மடிச்ச இலை இது. நான் பக்கத்து இலைக்காரன்... பார்த்துகிட்டு இருந்தேன்."

மோகனசுந்தரம் உடைஞ்சுட்டான். "ஒண்ணும் செய்யாம விட்டுட்டான்னு ஊர் பேசுமேங்கய்யா. எனக்கே அப்படித்தானே தோணும்..."

இதுதாங்க விஷயம். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அப்பா மேல அவ்வளவு பாசம் வச்சவன். அதைக் கேட்டதும் பெருமாள்சாமிக்கும் குரல் இறங்கிப் போச்சு.

"ஒண்ணும் செய்யாதேன்னு யாருப்பா சொன்னா? உதடு காயுது பாரு, நனைச்சு விடு. கால் சில்லுன்னு இருக்கு, பிடிச்சு விடு. யாராச்சும் உங்க மாமனை வெளியே கூட்டிட்டுப் போய்க் காபி வாங்கிக் குடுங்க."

ஆம்புலன்ஸ் காலியாத் திரும்புச்சு. மூச்சுத் திணறல் தெரியாம இருக்க டாக்டரம்மா மருந்து குடுத்தாங்க. மகன் பஞ்சைத் தண்ணியில நனைச்சு உதட்டுல வச்சான், அப்பா காலை மடியில வச்சுப் பிடிச்சு விட்டான். சின்ன வயசுக்கப்புறம் அப்பாகூட அவ்வளவு நேரம் அவன் உட்கார்ந்ததே இல்லையாம். மறுநாள் மத்தியானம், அவன் மடியில கால் இருக்கும்போதே, சடையப்பன் போயிட்டார். மகன் நிறைய அழுதான். ஆனா குத்தம் செஞ்ச மாதிரி அழலை.

இப்போ உங்ககிட்ட வர்றேன். உங்க அப்பா, அம்மாவும் இங்கே இப்படி எழுதி வச்சிருக்கலாம். எழுதணும்னு பேச்செடுத்திருக்கலாம்... நீங்க, ஏம்ப்பா இப்போ போய் அபசகுனமா பேசுறீங்கன்னு வாயை அடைச்சிருப்பீங்க. அடைக்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. கேட்டதை, அவங்க வாய் பேச முடியாத அன்னிக்கு, நீங்க எடுத்துப் பேசுங்க.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. அப்பா வீட்டை உங்க பேருக்கு உயில் எழுதி வச்சா, இது செல்லாதுன்னு யாராச்சும் திருப்பிக் குடுத்திருக்கீங்களா? ஒரு எழுத்து விடாம, ஒரு அடி நிலம் விடாம அளந்து வாங்கிக்கிறோமே... வீட்டைப் பத்தி எழுதினா மட்டும் அப்பா வார்த்தை செல்லும், உடம்பைப் பத்தி எழுதினா செல்லாதா? வீடாவது அவர் கட்டினதுங்க. அந்த உடம்பு... அவரேதாங்க.