காப்புக் கட்டிய கை

கூடாரத்தில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. ஏதோ திட்டம் போட்டுக்கொண்டு போனவனுக்கு அப்படித் தூக்கம் வருமா, நீங்களே சொல்லுங்கள். ஏரிக்கரைக் காட்டில் வனத்துறை போட்டிருக்கிற முகாம் அது. தைலமரமும் முந்திரியும் கலந்து நிற்கும். நாலைந்து டென்ட், ஒரு அடிபம்பு, வாசலில் காவல்காரர் கொட்டகை, அவ்வளவுதான். டவுன் பஸ் ஹாரன் அடித்தால் உள்ளே படுத்திருப்பவனுக்குக் கேட்கும். அதைப் போய்க் காடு என்று எழுதுகிறார்கள்.

என் பேர் ராஜாங்கம். மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம் வார்க்கிற கம்பெனியில் வேலை. செத்துப்போன வெற்றிச்செல்வன் அதே மெஷினில் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன். டவுன்காரன், மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமல் திறந்து தின்கிற உரிமை அவன் ஒருத்தனுக்குத்தான் இருந்தது. ஓசூரில் நல்ல வேலை கிடைத்து, பெண்டாட்டி நிர்மலாவோடு கிளம்ப இருந்தான். போவதற்கு முன்னால் ஒரு ராத்திரி என்னோடு தங்க வேண்டும் என்று அவன்தான் அந்த டென்ட்டை வாடகைக்கு எடுத்தான்.

போகாதே என்று என்னைத் தடுத்தது என் கையில் இருந்த காப்பு. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் தீமிதிக்கு மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிவிட்டால் கவுச்சி தொடக்கூடாது. சாவுக்குப் போகக்கூடாது, சாவுத் தீட்டு மேலே படவும் கூடாது. பகலில் வேலைக்குப் போய் வரலாம். ராத்திரி மட்டும் ஊர் எல்லைக்கு வெளியே படுக்கக்கூடாது. அதிலும் இந்த வருஷம் பூங்கரகம் எனக்கு. கரகத்தைத் தலையில் வைத்திருப்பவன்தான் முதலில் நெருப்பில் இறங்குவான், மற்றவர்கள் அவன் பின்னால் வருவார்கள்.

எங்கள் அப்பா ஒரு தடவை கரகத்தோடு தடுக்கி விழுந்தார் ஐயா. விரதத்தில் ஏதோ கோளாறு பண்ணியிருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதோடு கரகம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தீமிதி அன்றைக்கு அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பார், பறைச் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்துக்கொள்வார். சாகிற வரைக்கும் அப்படித்தான். இந்த வருஷம் கோயில் காரியம் பார்க்கிற அம்மாவாசை ஐயா, வீடு தேடி வந்து எனக்கு மஞ்சள் வேட்டி கொடுத்தார். என் பெண்டாட்டி தனக்கொடி அவர் முன்னாலேயே அழுதுவிட்டாள்.

இதையெல்லாம் வெற்றியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "இதெல்லாம் ஒரு வெளியூராடா? இங்கேர்ந்து இருமுனா உங்க ஊரு கோயில்ல கேக்கும். ஒரு ராத்திரி வாடா, இனிமே எங்க பாக்கப் போறோம்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் எல்லை ஏரி வாய்க்கால். முகாம் அதைத் தாண்டி, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கோயிலில் படுக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். வீட்டில் படுக்கிறேன் என்று கோயிலில் சொன்னேன். காவல்காரர் மண்ணாங்கட்டி எங்கள் ஊர்க்காரர், என் காப்பைப் பார்த்தால் விடமாட்டார். அதனால் இருட்டிய பிறகு வேலிச் சந்து வழியாக நுழைந்தேன். வண்டியையும் வெளியே ஒரு முந்திரி மரத்தடியில் சாய்த்து, வெட்டிப் போட்டிருந்த கிளைகளால் மூடிவைத்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு நாக்கு எழாத சங்கதி. வெற்றி கோழி சுட்டான். மசாலா தடவி வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தான். நான் வேண்டாம் என்று தள்ளித்தான் உட்கார்ந்தேன். வாசனை என்னை விடவில்லை. ஒரே ஒரு துண்டு தின்றேன் ஐயா. தின்றபோது காப்பு எண்ணெயில் படாமல் இருக்க இடது கையால் தின்றேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. என்னைப் போல ஈனப் பிறவி இருக்க முடியாது என்று தோன்றுகிறது.

விடிந்தால் தீமிதி. வெளுக்கிற நேரத்தில் எழுந்தேன். வெற்றியும் எழுந்து, வண்டி வரைக்கும் வருகிறேன் என்று கூடவே வந்தான். நான் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் அவன் குனிந்து கிளைகளை இழுத்தான். நல்ல பாம்பு. புறங்கையில் ஒரு போடு போட்டுவிட்டு ஏரிப் பக்கம் போய்விட்டது. அவன் கத்தக்கூட இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தான்.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. என் துண்டை எடுத்து முழங்கைக்கு மேலே கட்டினேன். மரத்தில் சாய்த்து உட்காரவைத்தேன். "பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாண்டா, வண்டிய எடு" என்றான். வண்டி அங்கேயே இருந்தது. ரோடு காலியாக இருக்கும் நேரம், போயிருந்தால் சீக்கிரமே போயிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் என் நிலைமையையும் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் பூக்கூடையோடு பெரிய மார்க்கெட்டுக்கு அதே ரோட்டில் போவார்கள். சுலோசனா, வீராயி எல்லாம் என் நிழலைப் பார்த்தே பேர் சொல்கிறவர்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் நான் வந்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாதா? அதுவும் போகட்டும். வழியில் அவன் உயிர் என் முதுகில் சாய்ந்தபடியே போய்விட்டால்? தீட்டுப்பட்ட உடம்போடு எப்படிக் கரகம் எடுப்பது? நான் ஒருவன் மட்டும் அல்ல, என் பின்னால் ஊரே நெருப்பில் இறங்குகிறது. அவர்கள் பாதத்துக்கும் நான்தானே பொறுப்பு.

மண்ணாங்கட்டியையாவது எழுப்பியிருக்கலாமே என்று கேட்டீர்கள். எழுப்புகிறேன் என்றுதான் வெற்றியிடமும் சொன்னேன். கொட்டகை பக்கம் கொஞ்ச தூரம் நடக்கவும் செய்தேன். அவர் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தது தெரிந்தது. வயசானவர், எப்படியும் எழுந்து ஒரு சுற்று வருவார், அப்போது பார்த்துக்கொள்வார் என்று திரும்பிவிட்டேன். டவுனுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு மனிதன் பார்க்க ஆளில்லாமல் கிடப்பானா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

திரும்பி வந்தபோது வெற்றி இன்னொரு கையால் செல்லை எடுத்து வைத்திருந்தான். நான் அதை மெதுவாக வாங்கிக்கொண்டேன். பேசினால் விஷம் ஏறும், ஆடாமல் அசையாமல் இரு, இதோ மண்ணாங்கட்டி வருகிறார் என்றேன். அவன் என்னை நம்பினான். கண் சொக்க ஆரம்பித்திருந்தது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"என்ன உட்டுட்டுப் போவாதடா."

போகவில்லை, வந்துவிடுவேன் என்றேன். வண்டிச் சத்தம் கேட்டு மண்ணாங்கட்டி எழுந்துவிடக் கூடாதென்று கரை ஏறும் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.

வாய்க்காலில் முங்கிக் குளித்தேன். கரையில் வைத்திருந்த சட்டைக்குள் செல் அடித்தது. நிர்மலா என்று பேர் வந்தது. எடுத்தால் பொய் சொல்ல வேண்டியிருக்கும். காப்போடு பொய் சொல்லக்கூடாது. அடித்து ஓய்ந்ததும் அணைத்துவிட்டேன்.

பூக்காரர் கரகத்துக்குப் பூ சுற்றிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. முந்திரி மரத்தடியில் வெற்றி விறைத்துக் கிடந்ததாக மண்ணாங்கட்டியே வந்து சொன்னார். கையில் துண்டு கட்டியிருக்கிறது, அவனே கட்டிக்கொண்டான் போலிருக்கிறது, பாவம் என்றார். அம்மாவாசை ஐயா என் தோளைத் தொட்டார். "உன் கூட்டாளியாமே. போவணும்னா போப்பா, கரகத்த வேற ஆளுகிட்ட குடுத்துக்கலாம்" என்றார். நான் கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினேன். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். எப்பேர்ப்பட்ட விரதம் பார், உயிர்ச் சிநேகிதன் சாவுக்குக்கூடப் போகாமல் நிற்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். என் மகனுக்கு அதைக் கேட்டு ஒரே பெருமை. எனக்கு வெட்கமாக இருந்தது. வாயில் இன்னும் அந்தக் கோழி மசாலா இருப்பது போலவே இருந்தது.

சாயங்காலம் இறங்கினேன். அப்பா விழுந்த இடம் எனக்குத் தெரியும், அதைத் தாண்டும்போது கால் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. நெருப்புக்கு முடிவில் ஊற்றி வைத்திருந்த பாலில் பாதத்தை வைத்துப் பார்த்தேன், ஒரு கொப்புளம் இல்லை. பெண்கள் வந்து என் காலில் விழுந்தார்கள். நெருப்பு என்னை ஒன்றும் செய்யவில்லையே ஐயா. சந்தேகமாக இருந்தால் இப்போதே பாருங்கள்.

காப்பு அவிழ்த்ததும் நான் செய்த முதல் காரியம், நிர்மலா வீட்டுக்குப் போனது. செல்லைத் துடைத்து, சார்ஜ் போட்டு, பத்திரமாக எடுத்துக்கொண்டுதான் போனேன். அடுத்தவர் பொருள் நமக்கு எதற்கு? மூட்டை கட்டி வைத்த சாமான்களுக்கு நடுவில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது. செல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது.

"இது எப்படிண்ணே உங்க கையில வந்துது?"

அண்ணன் என்று கூப்பிட்டுத்தான் கேட்டது. காப்புத்தான் இல்லையே, ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அதன் பிறகுதான் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்பினீர்கள்.

உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் செல்லை வாங்கினேன். பிழைத்தால் ராத்திரி எங்கே இருந்தாய், கூட யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள். வெற்றிக்குப் பொய் வராது. அன்றைக்கே எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிடும். அதை யோசித்துவிட்டுத்தான் வண்டியைத் தள்ளினேன். அவன் கூப்பிட்டது கரை ஏறுகிற வரைக்கும் எனக்குக் கேட்டது.

இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டச் சொன்னாலும் காட்டுகிறேன். உங்களிடம் கையெடுத்துக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கோழித் துண்டை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள். கரகம் எடுத்தவன் கவுச்சி தின்றான் என்று தெரிந்தால் எங்கள் ஊரில் என்னை மனிதனாகவே மதிக்கமாட்டார்கள்.