பெயர்களைக் கேள்விக்குறியாக்கிய புதிய பதிப்பு

விழாத் தலைவராகவும், உண்டு உறைவிடப் பள்ளியின் சேர்க்கைக் குழுத் தலைவராகவும் இரட்டைப் பொறுப்பை ஒற்றை நாற்காலியில் தாங்கி வீற்றிருக்கும் பெருந்தகையே, சந்தைக் கடைகளை அரைநாள் அடைத்துவிட்டு வந்திருக்கும் சோளக்காட்டுப் பெரியோர்களே, திண்ணனூர் நாடு, பெரக்கரை நாடு என்னும் மலையூர்களிலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்து, நாற்காலி போதாமல் தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மாலையின் கனத்தில் தலை நிமிர முடியாமல் தவிக்கும் கணினி வல்லுநர் அவர்களே, உங்கள் அனைவரையும் இந்த மிளகு வியாபாரி ஜாபர் அலி நெஞ்சாரப் போற்றுகிறேன்.

தகவல் மையக் கணினியைப் புதுப்பித்துத் தந்ததற்காக வல்லுநர் ஐயாவை நான் வாழ்த்திப் பேச வேண்டும் என்பது விழாக் குழுவின் கட்டளை. வாழ்த்தாமல் இறங்க மாட்டேன். ஐயா அஞ்ச வேண்டாம்.

நம் தகவல் மையத்தில் ஒரே ஒரு கணினி இருக்கிறது. அதை இயக்குவது லினக்ஸ் என்ற மென்பொருள். அந்தக் கணினியை இயக்குபவள் நாசியா. அவள் என் மகள். ஆகவே அவளைப் புகழ மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்வேன். என் கடை எதிர்ப்புறம் என்பதால் எல்லாவற்றையும் கண்ணால் கண்டவன் நான்.

இந்த இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மே மாதம், ஒரு திங்கட்கிழமை, வல்லுநர் ஐயா மலையேறி வந்தார். லினக்ஸின் புதிய பதிப்பு வந்துவிட்டது, பழையதை மாற்றியே தீர வேண்டும் என்றார். மாற்றினார். அடடா, என்ன மாற்றம். சதுரமாக இருந்த சின்னங்கள் உருண்டை ஆயின. எழுத்தின் ஓரங்கள் வழவழப்பாயின. திரையின் பின்னணியில் நீல வானம் வந்தது. மேலே பார்த்தால் இலவசமாகக் கிடைக்கும் வானத்தைப் பெட்டிக்குள் கொண்டுவந்த பெருமை யாருக்கு வரும்?

பின்வரிசையில் யாரோ, பிரிண்டர் என்ன ஆனது என்று கேட்கிறார்கள். பொறுங்கள். அது ஒரு நாள் மௌன விரதம் இருந்தது. விரதத்தைக் குறை சொல்லலாமா?

புதிய பதிப்போடு குறிப்புப் புத்தகம் ஒன்றும் வந்தது. என்னென்ன மாறியிருக்கிறது, எதில் கவனம் வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். வல்லுநர் ஐயா தேநீர் அருந்திக்கொண்டிருந்த நேரத்தில் நாசியா அதைப் படித்தாள். நான்காம் பக்கத்தில் ஒரு வரி. இனி எல்லா எழுத்தும் யூனிகோடு என்னும் உலகப் பொது முறையில்தான் படிக்கப்படும். பழைய முறையில் தட்டச்சு செய்த கோப்புகளை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள் என்றது அந்த வரி. நம் தமிழ்க் கோப்புகள் அத்தனையும் பழைய முறை. அவள் புத்தகத்தோடு போய்க் கேட்டாள். ஐயா தேநீரை ஊதியபடியே சொன்னார்: "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா மாறிடும்மா."

மாறியது. ஐயாவின் பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது நாசியா கோப்பைத் திறந்தாள். தமிழ் எழுத்து இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி.

என்ன கோப்பு அது? நம் கிராம செவிலியர் பாப்பாயி அம்மாள் இந்த மலைக்குடிசைகளில் பார்த்த பிரசவங்களின் பட்டியல். நூற்று நாற்பத்து மூன்று குழந்தைகளின் பெயர், தாய் பெயர், பிறந்த நாள். வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு வேறு சான்று கிடையாது. அவர் கைப்பட எழுதிய நோட்டுகள் எங்கே என்று கேட்பீர்கள். கணினியில் ஏற்றியாகிவிட்டதே, இனி எதற்குக் குப்பை என்று மேலிடத்து அறிவாளி ஒருவர் எடைக்குப் போட்டுவிட்டார். அதில் ஒரு தாளில் எனக்கு வடை மடித்துக் கொடுத்தார்கள். தலைப்பிரசவம், ஆண் குழந்தை. வடையும் நன்றாகத்தான் இருந்தது.

பள்ளியில் சேர விண்ணப்பித்தவர்களில் ஒன்பது குழந்தைகள் இந்தப் பட்டியலை நம்பியிருந்தார்கள். புதன்கிழமை கடைசி நாள். பாப்பாயி அம்மாள் ஓடி வந்து திரையைப் பார்த்தார். எண்கள் மட்டும் பிழைத்திருந்தன. நாள் இருந்தது, மாதம் இருந்தது, வருடம் இருந்தது; பிறந்த குழந்தைதான் இல்லை. அந்த அம்மாள் திரையில் விரலை வைத்தார். "இது கண்ணாயி ஊட்டுப் புள்ளைங்க. அன்னிக்கு ஓடையில வெள்ளம் போயிட்டிருந்துச்சுங்க, இக்கரையிலயே பிரசவம் பார்த்தேன்." அடுத்த தேதி, அடுத்த குழந்தை. நாற்பது, ஐம்பது என்று நிற்காமல் சொன்னார்.

ஆனால் நினைவுக்கு முத்திரை குத்த முடியுமா? பட்டியல்தான் வேண்டும் என்றது பள்ளி அலுவலகம். பாப்பாயி அம்மாள் கெஞ்சியதில் ஒரே ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. நாசியா உட்கார்ந்தாள். கோப்பு அழியவில்லை, உள்ளே ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண்ணாக இருக்கிறது, புதிய பதிப்புக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை என்றாள். பழைய முறையில் எந்த எண் எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அதைப் புதிய முறைக்கு மாற்றும் சிறு நிரல் எழுதினாள். முதல் தடவை எழுத்துகள் வந்தன. ஆனால் கொம்புகள் எல்லாம் இடம் மாறி நின்றன. பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்குமாம், புதியதில் பின்னால் வர வேண்டுமாம். சென்னம்மாள் என்ற பெயரைப் படித்தால் வாய் சுளுக்கியது. அழித்தாள், மறுபடி எழுதினாள். அவள் படிக்க, பாப்பாயி அம்மாள் தன் நினைவோடு ஒத்துப் பார்த்தார். வியாழன் காலை நூற்று நாற்பத்து மூன்று பெயர்களும் எழுந்து நின்றன.

இதற்கிடையில்தான் அந்தப் புதன்கிழமை. திண்ணனூர் நாட்டுப் பெருமாயி கூடுதல் நாள் கிடைத்த செய்தி தெரியாமல், மகள் சுமித்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். மேசையில் இருந்தவரிடம் இருந்தது, முந்தின நாள் மையத்திலிருந்து போன கேள்விக்குறிப் பட்டியலின் நகல். பெயர் இல்லை என்றார் அவர். பெருமாயி சொன்னார்: "புள்ளை இங்கதான் நிக்கறாளுங்க. கேட்டா அவளே பேரு சொல்லுவாளுங்க."

தாளில் இருக்க வேண்டும் என்றார் அவர். நிராகரிக்கப்பட்டது என்று எழுதி முத்திரையும் குத்தினார். மறுநாள் வந்த பட்டியலில் எட்டுக் குழந்தைகளுக்கு இடம் கிடைத்தது. ஒன்பதாவது குழந்தை இதோ, தாயின் மடியோடு ஒட்டி, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறது.

கை தட்டாதீர்கள், ஐயா. இது கை தட்டும் இடம் அல்ல.

மாற்றமே வேண்டாம் என்று சொல்ல நான் மேடை ஏறவில்லை. யூனிகோடு நல்லது. இன்று அந்தப் பட்டியலை அந்த முறை தெரிந்த எந்த ஊர்க் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும் என்கிறாள் நாசியா. புதிய பதிப்பு குற்றவாளி அல்ல. அது எச்சரித்தது, கேட்க ஆள் இல்லை. மாற்றுங்கள். ஆனால் மாற்றுவதற்கு முன், உள்ளே இருப்பது யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் நான்காம் பக்கத்தைப் படியுங்கள். படித்தவள் ஒருத்தி வந்து சொன்னால், தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுங்கள். இது என்ன பெரிய தொழில்நுட்பமா? எந்தப் பதிப்பில் இது புதிதாக வரப்போகிறது?

தலைவர் அவர்களே, நிராகரித்த விண்ணப்பத்தை மீண்டும் எடுக்க உங்கள் கையெழுத்து ஒன்று போதும் என்று விதி சொல்கிறது. விண்ணப்பம் இதோ. பேனாவும் இதோ. அலுவலகத்துக்கு வரச் சொல்கிறீர்களா? இந்தத் தாய் மூன்று முறை வந்தார், நீங்கள் மூன்று முறையும் கூட்டத்தில் இருந்தீர்கள். இதுவும் கூட்டம்தானே? எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடிக்கிறார்கள். அடிக்கட்டும். நான் பேசவில்லை, நிற்கிறேன்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்கள். கிடைத்துவிட்டது. படிக்கிறார்கள். போட்டுவிட்டார்கள். தேதியும் போட்டுவிட்டார்கள்.

தாயே, மேலே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வல்லுநர் ஐயா, கொஞ்சம் நகர்ந்து வழி விடுங்கள்.

இப்போது தட்டுங்கள், கை வலிக்கத் தட்டுங்கள். வாழ்த்துரை என்று அழைத்து இவ்வளவையும் பொறுத்துக்கொண்ட விழாக் குழுவுக்கும், கையெழுத்திட்ட கைக்கும், கேட்ட காதுகளுக்கும் என் நன்றி. எல்லோரும் நலமாக ஊர் போய்ச் சேருங்கள். வணக்கம்.